டெமோ பாடகியின் கை: கரோல் கிங்கின் பியானோ பாணி

அமெரிக்கப் பாடகி கரோல் கிங்கின் 'டேபெஸ்ட்ரி' ஆல்பத்தின் கடைசிப் பாட்டில் கேட்பது மூன்றே மூன்று: பியானோ, பேஸ், ஒரு பெண்ணின் குரல். டிரம்ஸ் இல்லை, வயலின்கள் இல்லை. 'நேச்சுரல் உமன்' என்ற அந்தப் பாட்டை 1967லேயே அரீத்தா ஃபிராங்க்ளின் பாடிப் பெரிய ஹிட் ஆக்கியிருந்தார். அரீத்தா மாதிரி பாடத் தன்னால் முடியாது என்பது கரோல் கிங்குக்கு நன்றாகவே தெரியும். அந்தப் பாட்டுக்கு மெட்டுப் போட்டவரே அவர்தான். அப்படியிருந்தும் 1971ல் அதை எடுத்து, எந்த அலங்காரமும் சேர்க்காமல், பியானோ முன்னால் உட்கார்ந்து பாடிவிட்டு ஆல்பத்தை முடித்துக்கொண்டார். ஒப்பிட்டுப் பார்க்கத்தான் போகிறார்கள் என்று தெரிந்தே செய்தது. ஆனாலும் அந்தப் பதிவு சோபிக்கிறது.

ஏன் சோபிக்கிறது என்று கேட்டால் 'எளிமை', 'உண்மை', 'மனசிலிருந்து பாடுகிறார்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். தப்பில்லை. ஆனால் மனசிலிருந்து பாடிய எத்தனையோ பேரின் இசைத்தட்டுகள் பழைய சாமான் கடைகளில் தூசி படிந்து கிடக்கின்றன. கரோல் கிங்கின் பாணி பத்து வருட ஆபீஸ் வேலையில் கை பழகிப் பழகி உருவான ஒன்று என்பதுதான் என் கட்சி. அந்த வேலையின் பெயர் டெமோ.

அவர் 1942ல் நியூயார்க்கில் பிறந்து, புரூக்ளினில் வளர்ந்தவர். இயற்பெயர் கரோல் கிளைன். நான்கு வயதில் அம்மாவிடம் பியானோ கற்றுக்கொண்டார். குவீன்ஸ் கல்லூரியில் ஜெர்ரி கோஃபினைச் சந்தித்தார். 1959ல், பதினேழு வயதில், கல்யாணம். மெட்டு இவருடையது, வரிகள் அவருடையவை. இருவரும் டான் கிர்ஷ்னரும் அல் நெவின்ஸும் நடத்திய ஆல்டன் மியூசிக் நிறுவனத்துக்குப் பாட்டு எழுதிக் கொடுக்கச் சேர்ந்தார்கள். ஆபீஸ் நியூயார்க்கின் பிராட்வே தெருவில், 1650ஆம் எண் கட்டடத்தில். 'பிரில் பில்டிங்' என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். அது அதே தெருவில் 1619ஆம் எண்ணில் இருந்த வேறு கட்டடம். சின்னச் சின்ன அறைகள், பியானோக்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பாரி மானும் சிந்தியா வைலும் தங்கள் பாட்டைத் தட்டிக்கொண்டிருப்பது இந்தப் பக்கம் கேட்கும். அந்தச் சத்தத்தில்தான் வேலை. 'வில் யூ லவ் மீ டுமாரோ' என்ற அவர்களுடைய பாட்டை ஷிரெல்ஸ் குழு பாட, அது 1961 ஜனவரியில் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. கறுப்பினப் பெண்கள் குழு ஒன்று அந்தப் பட்டியலில் முதலிடம் பிடித்தது அதுவே முதல் தடவை. மெட்டுப் போட்டவருக்கு அப்போது பதினெட்டு வயது.

இப்படி எழுதிய பாட்டை விற்பது எப்படி? தாளில் எழுதிக் கொடுத்தால் போதாது. பாடகர், தயாரிப்பாளர், கம்பெனி முதலாளி எல்லோருடைய காதிலும் விழ வேண்டும். அதற்காகச் செலவில்லாமல், அவசர அவசரமாகப் பதிவு செய்யும் மாதிரிதான் டெமோ. நம் சினிமாவில் ட்ராக் பாடுகிறவர்களை நினைத்துக்கொண்டால் போதும். பிறகு வரப்போகும் பெரிய பாடகருக்காக மெட்டைச் சுத்தமாகப் பாடிவைப்பது அவர்கள் வேலை. தன் கமகத்தையும் கைவரிசையையும் நிறையக் காட்டினால் அடுத்தவர் கற்றுக்கொள்ள முடியாது. ஒன்றுமே காட்டாவிட்டால் பாட்டு விலைபோகாது. இரண்டுக்கும் நடுவில் நிற்கத் தெரிய வேண்டும்.

டெமோவில் பியானோவுக்கு இன்னும் பெரிய பொறுப்பு. பேஸ் எங்கே நடக்க வேண்டும், டிரம்ஸ் எங்கே அழுத்த வேண்டும், வயலின்கள் எந்த இடத்தில் ஏற வேண்டும் என்பதையெல்லாம் ஒரே ஆள் இரண்டு கையால் கோடிகாட்ட வேண்டும். கரோல் கிங் இதில் கெட்டிக்காரர் என்று ஊரே சொன்னது. 1962ல் பாபி வீ பாடுவதற்காக அவர் பதிவு செய்த 'இட் மைட் ஆஸ் வெல் ரெயின் அன்டில் செப்டம்பர்' டெமோவையே அவர் பெயரில் இசைத்தட்டாக வெளியிட்டார்கள். பிரிட்டனில் மூன்றாம் இடம் வரை போனது. அதே வருடம், வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த ஈவா பாய்டைப் பாடவைத்தார்கள். 'லிட்டில் ஈவா' என்ற பெயரில் அவர் பாடிய 'தி லோகோமோஷன்' அமெரிக்காவில் முதலிடம். 1963ல் சிஃபான்ஸ் பாடிய 'ஒன் ஃபைன் டே' தொடக்கத்தில் தடதடக்கும் பியானோவும் கரோல் கிங் வாசித்ததுதான்.

அந்த டெமோக்களில் சிலவற்றை 2012ல் தனி ஆல்பமாக வெளியிட்டார்கள். 'டேபெஸ்ட்ரி'யைக் கேட்டுப் பழகியவர்கள் அதைக் கட்டாயம் கேட்க வேண்டும். 'யூவ் காட் எ ஃபிரெண்ட்', 'இட்ஸ் டூ லேட்', 'வே ஓவர் யான்டர்' ஆகியவற்றின் முதல் வடிவங்கள் அதில் இருக்கின்றன. பியானோவின் நடை, குரல் ஏறி இறங்கும் இடம், எங்கே மூச்சு விடுவது, எல்லாம் அநேகமாக முடிவாகிவிட்டன. பின்னால் ஸ்டுடியோவில் சேர்த்ததெல்லாம் அந்தக் கோட்டுக்குள் நிரப்பியதுதான்.

சரி, அந்தக் கைகள் என்னதான் செய்கின்றன?

வித்தை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. மேலும் கீழும் ஓடும் வேகமான சங்கதிகள் கிடையாது. இடது கை தடித்த பேஸ் ஸ்வரங்களை, பல சமயம் இரண்டு ஸ்தாயியிலும் சேர்த்து, தாளத்தோடு அழுத்துகிறது. வலது கை மூன்று நான்கு ஸ்வரங்களை நெருக்கமாகப் பிடித்து, கொத்தாக வைக்கிறது. அந்தக் கொத்து சில இடத்தில் தட்டுக்கு ஒரு இழை முன்னாலேயே விழும். அந்த முந்தல்தான் பாட்டை நகர்த்துகிறது; டிரம்ஸே இல்லாவிட்டாலும் கால் தானாகத் தாளம் போடும். கறுப்பினத் தேவாலயங்களின் காஸ்பல் பியானோவும், பிராட்வே நாடகப் பாட்டும், சிறுவயதில் ரேடியோவில் கேட்ட ராக் அண்ட் ரோலும் கலந்த கை இது.

இதில் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். மேற்கத்திய இசையில் ஒரு வரி முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது வழக்கமாக ஐந்தாம் இடத்துக் கார்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்து, வரும். சி மேஜரில் அது ஜி செவன்: ஜி, பி, டி, எஃப். சி-யை நம் ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் ப, நி, ரி, ம. இதில் காகலி நிஷாதம்தான் விஷமக்காரன். மேல் ஷட்ஜத்துக்கு ஒட்டினாற்போலக் கீழே நின்றுகொண்டு, 'போ, போ' என்று பிடித்துத் தள்ளுவான். கரோல் கிங் பல பாட்டுகளில் இந்த நிஷாதத்தை எடுத்துவிடுகிறார். இடது கையில் பஞ்சமம் மட்டும். வலது கையில் ம, த, ச. அதாவது அடியில் ஜி, மேலே எஃப் மேஜர். இப்போது ஷட்ஜம் முன்கூட்டியே வந்து உட்கார்ந்துவிட்டது, தள்ளுகிற ஆள் இல்லை. பேஸ் மட்டும் 'இன்னும் வீடு வரவில்லை' என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. இழுப்பு இருக்கிறது, அவசரம் இல்லை. காஸ்பல் இசையில் இது பழைய சரக்கு. அவர் கண்டுபிடித்ததும் இல்லை. ஆனால் எழுபதுகளின் பாப் பாட்டில் இது காற்று மாதிரி எங்கும் பரவியதில் அவர் பங்கு பெரிது. சாஃப்ட் ராக்கின் அந்த 'சாஃப்ட்' எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், சத்தத்தைக் குறைத்து வைத்ததில் இருப்பதைவிட இந்தக் கார்டில் அதிகம் இருக்கிறது என்பேன்.

இரண்டாவது உதாரணம் 'இட்ஸ் டூ லேட்'. வரிகள் டோனி ஸ்டெர்ன் எழுதியவை. காதல் முடிந்துபோனதை ஒரு பெண் சண்டையில்லாமல், அழுகையில்லாமல் ஒத்துக்கொள்கிற பாட்டு. சரணத்தின் பெரும்பகுதியில் ஏ மைனர் செவனும் டி மேஜரும் மாறி மாறி வருகின்றன. ஏ-யை ஷட்ஜமாக வைத்துப் பார்த்தால் கரஹரப்பிரியாவின் ஏழு ஸ்வரங்கள். ராகம் என்று சொல்லவில்லை, ஸ்வர வரிசை மட்டும்தான். மைனர் என்றாலும் சதுஸ்ருதி தைவதம் இருப்பதால் சோகம் கனக்கவில்லை. ஒரு சோம்பலான, மழைக்காலக் காலைத்தன்மை. அப்புறம் பல்லவி வருகிறது: பி ஃபிளாட் மேஜர் செவன், எஃப் மேஜர் செவன். சரணத்தில் இருந்த சதுஸ்ருதி ரிஷபமும் சதுஸ்ருதி தைவதமும் போய், இரண்டும் சுத்த ஸ்வரங்களாக இறங்கிவிடுகின்றன. ஆதார ஸ்ருதியே ஏ-யிலிருந்து நழுவி எஃப்-க்குப் போய் உட்கார்ந்துவிட்டதுபோல் காது நினைக்கிறது. வரி 'முடிந்துவிட்டது' என்று சொல்லும் அதே இடத்தில் இசை மைனரை விட்டு மேஜருக்குள் போகிறது. துக்கமான சொல்லுக்கு ஆறுதலான கார்ட். 'யூவ் காட் எ ஃபிரெண்ட்' பாட்டிலும் இதே குணம்: கஷ்டத்தைச் சொல்லும் சரணம் எஃப் மைனரில், கூப்பிட்டால் வருவேன் என்கிற பல்லவி அதன் சகோதரனான ஏ ஃபிளாட் மேஜரில்.

ஏ ஃபிளாட் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கிட்டாரில் பாட்டு எழுதுகிறவர்கள் சாதாரணமாக இ, ஏ, டி, ஜி என்று திறந்த தந்திகள் ஒத்துழைக்கும் ஸ்ருதிகளில்தான் எழுதுவார்கள். பியானோக்காரருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கறுப்புக் கட்டைகள் கைக்கு வாகாகவே இருக்கும். அதைவிட முக்கியம், இடது கை தனி ஆள். வலது கை ஒரு கார்டைப் பிடித்திருக்கும்போதே இடது கை வேறொரு ஸ்வரத்துக்கு நடந்துபோகலாம். அதனால்தான் பியானோவில் பிறந்த பாட்டுகளில் பேஸ் ஒரு மெட்டுப்போல அசைகிறது. அதே காலத்து லாரல் கேன்யன் கிட்டார்ப் பாட்டுகளுக்கும் இவருடைய பாட்டுகளுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி இதுதான்.

லாரல் கேன்யன் என்பது லாஸ் ஏஞ்சலஸ் மலைச்சரிவில் பாட்டுக்காரர்கள் குடியேறிய பகுதி. கோஃபினோடு திருமண வாழ்க்கை முறிந்தபின், 1968ல் இரண்டு பெண் குழந்தைகளோடு அங்கே போனார். பேஸ் வாசிக்கும் சார்ல்ஸ் லார்க்கி, கிட்டார் கலைஞர் டேனி கோர்ச்மர் இருவரோடும் 'தி சிட்டி' என்ற குழு. ஒரே ஒரு ஆல்பம், விற்கவில்லை. 1970ல் தனியாக 'ரைட்டர்', அதுவும் பெரிதாகப் போகவில்லை. மேடை என்றால் பயம். பாடகர் ஜேம்ஸ் டெய்லருக்குப் பின்னால் பியானோ வாசித்துக்கொண்டிருந்தவரை, ஒரு கச்சேரியில் 'அப் ஆன் தி ரூஃப்' பாட்டை நீயே பாடு என்று முன்னால் தள்ளிவிட்டவர் டெய்லர்தான்.

தயாரிப்பாளர் லூ ஆட்லருக்கு அவருடைய டெமோக்கள் பல வருடமாகப் பழக்கம். அந்த டெமோவின் உணர்வை அப்படியே கொண்டுவர வேண்டும், கேட்கிறவருக்கு அவர் பியானோ முன் உட்கார்ந்து பாடுவது தெரிய வேண்டும் என்பதுதான் 'டேபெஸ்ட்ரி'க்கு அவர் வைத்த கணக்கு. 1971 ஜனவரியில் ஹாலிவுட்டின் ஏ அண்ட் எம் ஸ்டுடியோவில் பதிவு, பிப்ரவரியில் வெளியீடு. ஆட்களும் தெரிந்தவர்களே: லார்க்கி, கோர்ச்மர், டிரம்ஸுக்கு ரஸ் கங்கலும் ஜோயல் ஓ'பிரையனும், புல்லாங்குழலுக்கும் சாக்ஸஃபோனுக்கும் கர்டிஸ் ஏமி, அக்கூஸ்டிக் கிட்டாருக்கு டெய்லர். இவர்கள் யாரும் பியானோவை மூடவில்லை என்பதைக் கவனித்துக் கேளுங்கள். 'ஐ ஃபீல் தி எர்த் மூவ்' மாதிரி அதிரும் பாட்டில்கூட கிட்டாரும் பியானோவும் மாறி மாறிப் பேசுகின்றன. பியானோ பின்வரிசைக்குப் போவதில்லை. 'யூவ் காட் எ ஃபிரெண்ட்' பாட்டில் டிரம்ஸ் செட்டே கிடையாது. கையால் தட்டும் ஒரு காங்கா, பேஸ், கிட்டார், நான்கு தந்தி வாத்தியங்கள். மீதி எல்லாம் அந்தப் பியானோ.

குரலுக்கு வருவோம். பெரிய குரல் இல்லை. உச்சத்துக்குப் போகும்போது கொஞ்சம் கரகரக்கும், சில இடத்தில் கிழியும். புரூக்ளின் உச்சரிப்பு ஒளியவில்லை. ஸ்வரத்தைப் பிடித்து நீட்டி அசைத்துக் காட்டுவது அபூர்வம். வாக்கியம் முடிகிற இடத்தில் பாட்டும் முடிந்துவிடும், பேசுகிறவர் நிறுத்துவதுபோல. இதெல்லாம் ட்ராக் பாடுகிறவரின் ஒழுக்கம். மெட்டை உள்ளது உள்ளபடி பாடுகிறார், தன்னை நடுவில் வைப்பதில்லை. ஆபீஸில் இது அடுத்த பாடகருக்கு விட்ட இடம். ஆல்பத்தில் அடுத்த பாடகர் யாரும் இல்லை என்பதால் அந்த இடத்தில் கேட்கிறவர் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

'வில் யூ லவ் மீ டுமாரோ'வை இரண்டு முறை கேட்டால் இது விளங்கும். ஷிரெல்ஸ் பதிவில் டிரம்ஸ் துள்ளுகிறது, வயலின்கள் ஓடுகின்றன. இளம்பெண் கேட்கும் கேள்வி நடனக் கூடத்துக்குப் பொருத்தமான வேகத்தில் போகிறது. பத்து வருடம் கழித்து எழுதியவரே பாடும்போது வேகம் சரிபாதி ஆனதுபோல் இருக்கிறது. பின்னால் டெய்லரும் ஜோனி மிட்செலும் மெல்லச் சேர்ந்து பாடுகிறார்கள். மெட்டில் ஒரு ஸ்வரமும் கூடவில்லை. ஆனால் அதே கேள்வியைக் கேட்பவர் இப்போது கல்யாணமும் விவாகரத்தும் பார்த்த, இரண்டு குழந்தைகளின் தாய். பதில் என்னவாக இருக்கும் என்று ஏற்கெனவே தெரிந்த ஒருவர் கேட்கும் கேள்வியாக அது மாறிவிடுகிறது.

பாட்டு வரிகள் விஷயத்தில் நான் அவ்வளவு தாராளமாகப் புகழ மாட்டேன். பன்னிரண்டு பாட்டில் ஏழுக்கு அவரே வரிகள். தூரம், வீடு, நட்பு, ஏக்கம் என்று வீட்டுச் சொற்களில் நிற்கும்போது நன்றாக இருக்கின்றன. தலைப்புப் பாட்டில் உருவகத்துக்குப் போகும்போது கொஞ்சம் திணறுகிறது. கோஃபின் எழுதிய துப்பாக்கிக் கதைப் பாட்டான 'ஸ்மாக்வாட்டர் ஜாக்' இந்த ஆல்பத்தில் என்ன செய்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனால் கை இந்தக் குறைகளையெல்லாம் தாங்கிவிடுகிறது.

அமெரிக்காவில் 15 வாரம் முதலிடம். 1972 கிராமியில் ஆல்பம், ரெக்கார்ட், பாட்டு, பெண் பாடகர் என்று நான்கு விருதுகள். விழாவுக்கு அவர் போகவில்லை. இதற்குக் கொஞ்சம் முன்பே எல்டன் ஜான் வந்துவிட்டார். இரண்டு வருடத்தில் பில்லி ஜோயலும். பியானோ முன் உட்கார்ந்து சொந்தப் பாட்டைப் பாடுவது என்பதைத் தவிர இவர்களுக்குள் ஒற்றுமை குறைவு. எல்டன் ஜானுக்கு பெர்னி டாப்பின் முதலில் வரிகளைக் கொடுத்துவிடுவார், மெட்டு பிறகு. பியானோவும் மேடைக்கென்றே வாசிக்கப்பட்டது, சமயத்தில் பியானோ மேலேயே ஏறி நிற்பார். கரோல் கிங் 1973ல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேருக்கு முன் பாடினார். அங்கும் கை அடக்கமாகவே வாசித்தது.

அதன்பின் வந்த ஆல்பங்களும் நன்றாகவே விற்றன. 1974ல் 'ராப் அரவுண்ட் ஜாய்' முதலிடமே பிடித்தது. அதன் 'ஜாஸ்மேன்' பாட்டில் டாம் ஸ்காட்டின் சாக்ஸஃபோன் பிரமாதம். ஆனால் காது சாக்ஸஃபோன் பின்னால் போகிறது, பியானோ பின்னால் போவதில்லை. கருவிகள் கூடக் கூட அந்த டெமோத்தனம் தேய்ந்தது. ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் 1990ல் அவரைக் கோஃபினோடு சேர்த்துப் பாட்டெழுதுபவராகச் சேர்த்தது. பாடகியாகச் சேர்த்தது 2021ல்.

டெமோவின் வேலை அடுத்தவரைப் பாடவைப்பது. 'டேபெஸ்ட்ரி' அதையும் விடாமல் செய்தது. ஆல்பம் வந்த அதே வருடம் 'யூவ் காட் எ ஃபிரெண்ட்' பாட்டை ஜேம்ஸ் டெய்லர் கிட்டாருக்கு மாற்றிப் பாடி முதலிடம் பிடித்தார். ராபர்ட்டா ஃபிளாக்கும் டானி ஹாத்தவேயும் ஜோடியாகப் பாடினார்கள். 'வேர் யூ லீட்' பாட்டை பார்பரா ஸ்ட்ரைசாண்ட் எடுத்துக்கொண்டார். ஹாத்தவே அதோடு விடவில்லை. லாஸ் ஏஞ்சலஸின் ட்ரூபடோர் கிளப்பில் மின்பியானோ வாசித்தபடி தனியாகவும் பாடினார். 1972ல் வந்த அவருடைய நேரடிக் கச்சேரி ஆல்பத்தில் அந்தப் பதிவு இருக்கிறது. முதல் வரி காதில் விழுந்ததுமே கூட்டம் கத்துகிறது. பல்லவி வரும்போது ஹாத்தவே கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ள, அங்கே இருக்கிற அத்தனை பேரும் முழுக் குரலில், ஸ்ருதி பிசகாமல், அதைப் பாடி முடிக்கிறார்கள்.